தவம் மாமாவும் இடப்பக்கப் பெட்டியும்

தவம் மாமா இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்குப் பாடசாலையில் கிடைத்தது. புவியியல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது காரியாலயத்துப் பெண்மணி கதவைத் தட்டி, எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருப்பதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. அதனால் அவசரத்துக்கு உதவும் என்று பாடசாலையின் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி மாமாவிடம் கொடுத்திருந்தேன். அதில் என் பெயருக்குக் கீழே 'மொழிபெயர்ப்பாளர்' என்று ஜெர்மன் மொழியில் எழுதியதும் நான்தான். அப்போது எனக்குப் பதினான்கு வயது. அந்தச் சொல்லை எழுதியபோது பெருமையாக இருந்தது.

மறுமுனையில் பேசியவர் மருத்துவமனைத் தாதி. துண்டில் இருந்த சொல்லை நம்பி, என்னை வயது வந்த ஒருவர் என்று நினைத்து, மிக மரியாதையாகப் பேசினார். அவர் பயன்படுத்திய சொல் 'ஃபெர்ஷ்டோர்பன்'. இறந்துபோவதற்கு நான் படித்த சொல்லின் முன்னால் 'ஃபெர்' என்ற அசை சேர்ந்திருந்தது. அந்த அசை சேர்ந்தால் பல சொற்களில் காரியம் பிழைத்துப்போகும் என்று எங்கள் ஆசிரியர் சொல்லித் தந்திருந்தார். நடப்பது வழி தவறுவதாகிவிடும். எழுதுவது பிழையாக எழுதுவதாகிவிடும். ஆகவே ஒரு கணம், மாமா தவறுதலாக இறந்துவிட்டார், யாராவது கவனித்தால் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். பிறகு தாதி, "உங்களுக்கு விளங்கியதா?" என்று கேட்டார். விளங்கியது என்றேன்.

மூன்று நாட்களுக்கு முன் உணவகக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது அவர் விழுந்தார். மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. கண் திறக்கவே இல்லை. வயது முப்பத்து நான்கு.

நான் பஸ் எடுத்து வீட்டுக்குப் போனேன். அதே குசினியில் வேலை செய்யும் அப்பா, மத்தியான வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் சப்பாத்து நாடாவைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர் சொன்னது? உனக்கு வடிவா விளங்கினதோ?"

"ஓம் அப்பா. இந்த முறை வடிவா விளங்கினது."

'இந்த முறை' என்று நான் ஏன் சொன்னேன் என்று அப்பா கேட்கவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் இந்த நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அப்பா கேட்டார். "நல்லதா நாலு விசயம் எழுது. உனக்குத்தானே எழுத்து வரும்" என்றார். நல்ல விசயங்கள் நிறைய உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு பிழையைத் திருத்த வேண்டும்.

மாமாவின் படத்துக்கு முன்னால் நீங்கள் எல்லாரும் கூடியிருந்த அன்று நான் தேநீர்த் தட்டோடு உங்களுக்கிடையே வந்து போய்க்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்ததை எழுதுவதற்கு மன்னியுங்கள்.

"அருமையான மனிசன். ஆனால் கையில வந்த சீதேவியைக் காலால உதைச்சவன்."

"வெள்ளைக்காரன் உள்ளுக்குப் பாக்க வைச்ச ஸ்பீக்கர் பெட்டியை இவர் வெளியில பாக்கத் திருப்பினவராம். ஊர்க் கோயில் எண்டு நினைச்சிட்டார்."

"அதுக்குப் பிறகுதானே யோடல் தவம் எண்டு பேர் வந்தது."

செத்த வீடு என்பதை மறந்து இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. தவம் மாமா உயிரோடு இருந்தபோது, அவருக்கு முன்னாலேயே அந்தப் பெயரைச் சொல்லி நீங்கள் சிரித்தபோது, நானும் அங்கே இருந்தேன். பேசாமல் இருந்தேன்.

உங்களில் பின்னால் வந்தவர்களுக்காக: தவம் மாமா ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். கலியாண வீடு, கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் அவருடைய பெட்டிகளே போகும். கடையும் பெட்டிகளும் ஒரே நாளில் எரிந்த பிறகு, எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பின் வந்த மற்றவர்களைப் போல அவரும் இங்கே வந்தார். அகதி விண்ணப்பம் போட்டவருக்கு இந்த மாநிலத்தில் கிடைக்கும் வேலை உணவகக் குசினியில்தான். வேறு வேலைக்கு மாறுவதென்றால், இந்த ஆள் எனக்குத் தேவை என்று முதலாளி ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துக் குடிவரவுக் கந்தோர் அனுமதிக்க வேண்டும். முதல் விண்ணப்பத்துக்கு மாமாவுக்கு நெகட்டிவ், அதாவது மறுப்பு, வந்து, மேன்முறையீடு செய்திருந்தார். அப்படி ஒரு கடிதம் கையில் இருந்தால் மேன்முறையீட்டுக்கும் பலம் என்று அவர் நம்பினார். நம்பியது சரியோ தெரியாது. அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை அது.

கடிதம் எழுதக்கூடிய ஒருவரை அவராகவே கண்டுபிடித்தார். ஒரு மாலை அப்பாவும் அவரும் பேர்ண் நகரில் நாங்கள் இருக்கும் பூம்ப்ளிஸ் பகுதியில் பாடசாலை முற்றம் ஒன்றைக் கடந்து வரும்போது, தாடி வைத்த ஒருவர் வான் வண்டியிலிருந்து வயர்களை இறக்கிச் சிக்கெடுக்க முடியாமல் திட்டிக்கொண்டிருந்தாராம். மாமா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கேட்காமலே உள்ளே போய், அவருடைய கையிலிருந்து வயரை வாங்கி, நிலத்தில் தளர்த்திப் போட்டு, ஒரு நுனியை மட்டும் பிடித்து நடந்தார். சிக்கு தானாகக் கழன்றது. "வயர் கோபக்காரன் மாதிரி. இழுத்தால் முறுக்கிக்கொள்ளும், விட்டுக் குடுத்தால் அவிழ்ந்திடும்" என்று அப்பாவுக்குத் தமிழில் சொன்னார். தாடிக்காரர் ஏதோ கேட்டார். இருவருக்கும் விளங்கவில்லை. அடுத்த நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவர் பெயர் றூடி. ஊர் விழாக்களுக்கும் சிறிய கச்சேரிகளுக்கும் ஒலி அமைத்துக் கொடுப்பவர். அவருடைய உதவியாளர் மூன்று கிழமை இராணுவப் பயிற்சிக்குப் போயிருந்தார். அந்த வாரக் கடைசியில் எங்கள் பகுதியில் மூன்று கச்சேரிகள் இருந்தன. "மூன்றுக்கும் வரட்டும். மூன்றும் ஒழுங்காக நடந்தால் திங்கட்கிழமை கடிதம் எழுதித் தருகிறேன்" என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். மாமா என்னிடம், "திங்கள் எண்டு சொன்னவரோ? வடிவாக் கேள்" என்றார். மறுபடி கேட்டேன். திங்கள்தான்.

அம்மா முதலில் மறுத்தார். குமர்ப்பிள்ளையைக் கச்சேரிகளுக்கு அனுப்புவதா என்றார். தவம் மாமா வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று சொன்னார்: "அக்கா, நான் இந்த நாட்டில ஊமை. உங்கட மகள்தான் என்ர வாய். வாயை வீட்டில வைச்சிட்டு நான் எப்பிடிப் போறது?" அம்மா சிரித்துவிட்டார். எட்டு மணிக்குள் வீட்டில் நிற்க வேண்டும் என்ற கட்டளையோடு விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை பாடசாலை முற்றத்தில் பித்தளை வாத்தியக் குழு வாசித்தது. எங்கள் தபால்காரர், இறைச்சிக் கடைக்காரர் எல்லாரும் பொன் நிறப் பொத்தான் வைத்த சீருடையில் கன்னம் உப்ப ஊதினார்கள். இவர்களுக்கு ஒலிவாங்கியே தேவையில்லை, பேச்சாளருக்கு மட்டும் போதும் என்று மாமா சொன்னார். நான் மொழிபெயர்த்ததும் றூடி அவரைத் திரும்பிப் பார்த்து, "அதைத்தான் பத்து வருடமாக நானும் இவர்களுக்குச் சொல்கிறேன்" என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அந்த இடத்தில் நான் தேவைப்படவில்லை.

பெட்டிகள் வைத்த விதத்தில்தான் மாமாவுக்குத் திருப்தியில்லை. றூடியிடம் ஒரு தாளில் வரைந்த படம் இருந்தது. இரண்டு பெட்டிகளும் உள்நோக்கி, ஆட்கள் உட்காரும் வாங்குகளைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஊரில் அப்படியில்லை. கோயிலில் கட்டும் ஒலிபெருக்கி கோயிலைப் பார்க்காது, ஊரைப் பார்க்கும். மாமா என்னிடம் சொன்னதை அன்றே என் கொப்பியில் எழுதிவைத்தேன்: "கூட்டத்துக்குள்ள நிக்கிறவனுக்குப் பெட்டி எதுக்கு? படுக்கையில கிடக்கிறவன், பிள்ளை பெத்தவள், துடக்கு வீட்டுக்காரர், வரேலாதவைக்குத்தான் பெட்டி." இதை றூடிக்கும் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். அவற்ர கோயில், அவற்ர முறை" என்றார். நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். தன் ஊர்ப் பழக்கம் என்னவென்றும், இங்கே செய்ய வேண்டியது என்னவென்றும் அவருக்கு வெள்ளிக்கிழமையே தெரிந்திருந்தது. றூடியின் படத்தில் உள்ளபடி, ஒரு விரற்கடை பிசகாமல் பெட்டிகளை வைத்தார்.

சனிக்கிழமை பிற்பகல் தேவாலயத்துக்குக் கீழே இருந்த இளைஞர் மன்றத்தில் றொக் கச்சேரி. சத்தம் எதிரொலிக்காதபடி முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவரில் ஒட்டிய நிலவறை. பாடகி என் பாடசாலையில் இரண்டு வகுப்பு மேலே படித்தவள். தலைமயிரில் பாதி பச்சை. ஆரம்பிக்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது பெட்டிகளில் வண்டு அடைத்ததுபோல ஓர் இரைச்சல். றூடி ஒவ்வொரு பொத்தானாகத் திருகிப் பார்த்தார், போகவில்லை. தவம் மாமா புறங்கையால் ஒவ்வொரு கருவியையும் மெல்லத் தொட்டுக்கொண்டு போனார். கித்தாரின் பெட்டிக்குக் கிட்டப் போனதும் கையை உதறினார். "இதுக்கு ஏர்த் இல்லை. பாட்டுக்காரப் பிள்ளை மைக்கில வாயை வைச்சால் உதடு சுடும்" என்றார். நான் சொன்னதும் றூடி பாய்ந்துபோய் மின்சாரத்தைக் கழற்றினார். அந்தப் பிழையைத் திருத்த இருவருக்கும் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

பிறகு ஒலிவாங்கியைச் சோதிக்கும்படி றூடி மாமாவிடமே கொடுத்தார். "உங்கள் மொழியில் பேசுங்கள்" என்றாள் பச்சை மயிர்ப் பாடகி. மாமா தொண்டையைச் செருமினார். நான் பார்த்திராத ஒரு தவம் மாமா அந்த நேரம் வெளியே வந்தார்.

"ஹலோ, ஹலோ, மைக் ரெஸ்ரிங், வண், ரூ, த்றீ. அடியார்களின் கவனத்துக்கு. பூம்ப்ளிஸைச் சேர்ந்த வதனி என்ற பெண்பிள்ளை, கையில் புத்தகத்துடன், கச்சேரி பார்க்க வந்த இடத்தில் தவறவிடப்பட்டுள்ளார். அன்னாரின் பெற்றோர் எங்கிருந்தாலும் உடனடியாக ஒலிபரப்பு மேடைக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். பிள்ளை அழவில்லை. வாசித்துக்கொண்டிருக்கிறார்."

தவறவிடப்பட்ட அந்த வதனி நான்தான். சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சொல்லும் விளங்காத வாத்தியக்காரர்களும் கைதட்டினார்கள். அந்தக் குரலுக்குத்தான் தட்டினார்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு குரலை இந்த நாட்டில் கோப்பை கழுவவிட்டிருந்தோம். போகும்போது றூடி மாமாவின் தோளில் தட்டி, "நாளையோடு முடிகிறது. திங்கள் கடிதம்" என்றார். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. 'திங்கள்' என்ற சொல்லை மாமா அதற்குள் படித்துவிட்டார்.

ஞாயிறு முற்பகல் யோடல் கச்சேரி. இங்குள்ள மலைநாட்டவர்கள் தொண்டையை ஏற்றியும் இறக்கியும் பாடும் பாட்டு அது. முதியோர் இல்லத்தின் முற்றத்தில் ஒரு மாட்டு வண்டிலை மேடையாக்கியிருந்தார்கள். தெருவுக்கு மறுபக்கம் தேவாலயம். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. பெட்டிகள் தேவாலயத்துக்கு முதுகு காட்டியபடி, மெதுவாகத்தான் ஒலிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வாங்கியிருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. படத்தின்படி வைத்தோம், அவ்வளவுதான்.

முதலாவது பாட்டு முடிந்தபோது இடப்பக்க வாங்குகளில் இருந்த முதியவர்கள் காதில் கை வைத்துக் காட்டினார்கள். அவர்களுக்குக் கேட்கவில்லை. றூடி முற்றத்தின் பின்பக்கம் மேசையில் இருந்தார். தவம் மாமா முன்னால் இடப்பக்கப் பெட்டிக்கும் அதன் அம்பிளிபையருக்கும் அருகே நின்றார். நான் நடுவில் நின்றேன். அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. றூடி கையைக் குவித்து எனக்குக் கத்தினார்.

பேர்ண்காரர்களின் பேச்சு, நாங்கள் பாடசாலையில் எழுதும் ஜெர்மன் இல்லை. ஆனால் நான் புத்தகத்தில் படித்ததைத்தான் பேச்சிலும் தேடுவேன். சத்தத்தைக் கூட்டு என்பதற்குப் புத்தகத்தில் 'அவுஃப்' என்று தொடங்கும் சொல் இருக்கிறது. மறுபக்கம் திருப்பு என்பதற்கு 'உம்' என்று தொடங்கும் சொல். மிச்சப் பகுதி இரண்டுக்கும் ஒன்றுதான். பேர்ண்காரர் 'அவுஃப்' என்பதை 'உஃப்' என்பார்கள். றூடி கத்தியது 'உஃப்'. 'அவுஃப்' இல்லாதபடியால் எனக்கு அது 'உம்' என்று கேட்டது. நான் ஒரு கணமும் சந்தேகப்படவில்லை. திரும்பக் கேட்கவுமில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மாமா, இந்தப் பெட்டியை மற்றப் பக்கம் திருப்பட்டாம்."

அவர் பெட்டியைப் பார்த்தார், தேவாலயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வடிவாக் கேட்டனியோ?"

"ஓம். திருப்பட்டாம்."

அவருடைய முகம் மலர்ந்தது. "பாத்தியோ, மூண்டாம் நாளில எங்கட வழிக்கு வந்திட்டார்!" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தெருப்பக்கம் திருப்பினார். வெளியே பார்க்கும் பெட்டிக்கு அந்தச் சத்தம் போதாது என்பது அவருடைய தொழில் அறிவு. அம்பிளிபையரையும் கூட்டினார்.

பூசை நடந்த தேவாலயத்தின் திறந்த வாசலுக்குள் பத்துப் பேரின் யோடல் போனது. தேவாலயத்துப் பொறுப்பாளர் கறுப்பு உடுப்போடு தெருவைக் கடந்து ஓடி வந்தார். விழாத் தலைவர் சிவந்த முகத்தோடு எழுந்தார். அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்ப்போம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி றூடியிடம் சொன்னார். றூடி பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, மூச்சு வாங்க என்னிடம் திரும்பினார்.

"ஏன் திருப்பினார் என்று கேள். நான் உஃப் என்றுதானே சொன்னேன். உஃப்!" கட்டைவிரலால் பொத்தானைத் திருகிக் காட்டினார்.

அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. முழுவதும் விளங்கிவிட்டது. நான் மாமாவிடம் திரும்பி, "ஏன் திருப்பினீங்கள் எண்டு கேக்கிறார்" என்றேன்.

நான் சொன்னதால்தானே திருப்பினார். அதை அவர் சொல்லியிருக்கலாம். அவர் றூடியின் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கட ஊரில பெட்டி வெளியிலதான் பாக்கும் எண்டு சொல்லு, பிள்ளை."

அந்த வாக்கியத்தை நான் ஒரு பிழையும் இல்லாமல் மொழிபெயர்த்தேன்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில், "மாமா, அவர் சொன்னது..." என்று தொடங்கினேன். "விடு பிள்ளை. நீ வடிவாக் கதைச்சனி" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பிழை என்று தெரிந்து என்னைக் காப்பாற்றினாரா, அல்லது றூடியே மனம் மாறிவிட்டார் என்று நினைத்தாரா? அதற்குப் பிறகு ஏறத்தாழ எட்டு மாதம் அவர் வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். ஒவ்வொரு முறையும் கேட்கலாம் என்று நினைத்தேன். இனிக் கேட்க முடியாது.

திங்கட்கிழமை கடிதம் வரவில்லை. அடுத்த ஞாயிறு மாமா வந்து, றூடிக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதித் தரச் சொன்னார். நான் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாலைகள் எழுதினேன். என் ஆசிரியரே திருத்த ஒன்றும் இல்லாத கடிதம். மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கி, கடினமான இறந்தகால வினைகளையெல்லாம் சரியாகப் போட்டு எழுதினேன். நடந்ததற்கு முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று அவர் சொல்வதாக எழுதினேன். என்னைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மாமா அதை வாங்கி, ஒரு சொல்லும் விளங்காமல், மேலும் கீழும் பார்த்தார். "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார். பதில் வரவில்லை. கார்த்திகையில், இன்னொருவர் றூடியின் வான் வண்டியிலிருந்து பெட்டி இறக்குவதை அப்பா கண்டார். தவம் மாமா அதன் பிறகு அந்தத் தெருவால் வருவதை நிறுத்தினார். நீங்கள் 'யோடல் தவம்' என்று கூப்பிட்டபோது அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு சேர்ந்து சிரிப்பதையும் நிறுத்தினார். மாரிக் குளிர்காலம் முழுக்கத் தலையிடி என்று சொன்னார். கோப்பை கழுவும் இடத்தின் நீராவி என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அவரைத் தகனம் செய்து ஒன்பதாம் நாள் கந்தோரிலிருந்து பதிவுத் தபால் வந்தது. வாசிக்க என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டது, இன்ன திகதிக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று இருந்தது. வழக்கம்போல அவருடைய தகப்பனின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தார்கள். ஆகவே அந்தக் கட்டளை, ஊரில் இருபது வருடங்களுக்கு முன் காலமான சின்னத்தம்பி என்ற விதானையாருக்கு, ஊர்த் தலைமை அலுவலருக்கு, அனுப்பப்பட்டதுபோல இருந்தது. அறையில் இருந்தவர்களுக்கு நான் அதை மொழிபெயர்த்தேன்.

அதற்கு அடுத்த நாள் நான் தனியாக றூடியிடம் போனேன். அவர் தன் கொட்டகையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். மாமா இறந்ததைச் சொன்னேன். பிறகு அந்த ஞாயிறு நான் என்ன கேட்டேன், என்ன சொன்னேன் என்பதைச் சொன்னேன். அவர் அந்த இரண்டு சொற்களையும் தனக்குள் சொல்லிப் பார்த்தார். உஃப். உம்.

"அப்படியென்றால் அவர் தனக்குச் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்" என்றார்.

"ஓம்" என்று தமிழில் சொன்னேன். எனக்கு வேறு மொழி வரவில்லை.

மன்னிப்புக் கடிதம் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். கிடைத்தது என்றார். "அது மிகவும் நல்ல கடிதம். அவ்வளவு சரியான ஜெர்மன் எனக்கே வராது. ஏதோ ஒரு உதவிக் காரியாலயமோ வழக்கறிஞரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த மனிதருக்கு வருத்தம் இல்லை, ஒரு காரியாலயத்துக்குத்தான் வருத்தம் என்று நினைத்தேன். காரியாலயங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை." வயரைக் கீழே வைத்துவிட்டு, "பிழை பிழையாக இரண்டு வரி எழுதியிருந்தால் நானே குசினிக்குப் போய்க் கூட்டி வந்திருப்பேன்" என்றார்.

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. தேநீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே, தவம் மாமாவை அறிந்த உங்கள் எல்லாரிடமும் கேட்கிறேன். அவர் பிடிவாதக்காரர் என்று இனிச் சொல்லாதீர்கள். ஊர்ப் பழக்கத்தை விடமுடியாமல் வேலையைத் தொலைத்தவர் என்று சொல்லாதீர்கள். அவர் இரண்டு முறை என்னை நம்பினார். ஒருமுறை நான் பிழையாகக் கேட்டேன். மறுமுறை மிகச் சரியாக எழுதினேன். இதைச் சொல்வதால் அவருக்கு இனி ஒரு பயனும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கும் மனம் இலேசாகவில்லை. நீங்கள் பிழையான ஒன்றை நினைவில் வைத்திருக்கக்கூடாது என்பதற்காகவே எழுதினேன்.

அவருடைய சாமான்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என்னிடம் இருப்பது அந்த மன்னிப்புக் கடிதத்துக்கு முதலில் எழுதிப் பார்த்த கரட்டுப் பிரதி மட்டும். ஆங்கில எழுத்தில் கையெழுத்திட அவருக்குப் பழக்கமில்லை. நல்ல தாளைப் பழுதாக்கக்கூடாது என்று, கரட்டுத் தாளில் மூன்று முறை போட்டுப் பார்த்தார். 'தவறு என்னுடையது' என்று நான் எழுதிய வரிக்கு நேர் கீழே அந்த மூன்று கையெழுத்துகளும் இருக்கின்றன. முதலாவது நடுங்கியிருக்கிறது. மூன்றாவது நன்றாக வந்திருக்கிறது. வரி உண்மையானது. அதன் கீழே இருக்க வேண்டிய பெயர் மட்டும் வேறு.

வதனி
பூம்ப்ளிஸ்